காய்ச்சலோடு சர்க்கரையும் இருந்தால்



சர்க்கரை வியாதி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கால் புண், கண் பார்வை, சிறுநீரகம். நெஞ்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலர் யோசிப்பதே இல்லை. ஆனால் ஒரு கடுமையான காய்ச்சல் வந்து அது நெஞ்சில் இறங்கிவிட்டால், சர்க்கரை உள்ளவருக்கு ஆபத்து மற்றவரைவிடச் சீக்கிரம் வந்துவிடும். அது ஏன், அதைத் தடுப்பது எப்படி என்பதை இந்தத் துண்டுப் பிரசுரம் சொல்கிறது. ஒருவர் படிக்க, வீட்டில் மற்றவர்கள் கேட்கலாம்.

ஒரு வீட்டில் நடப்பது

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரருக்கு வயது 52. மளிகைக் கடை வைத்திருக்கிறார். எட்டு வருஷமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மாத்திரை. ஐப்பசி மாசம், ஊரெல்லாம் காய்ச்சல். அவருக்கும் வந்தது. கூடவே இருமல்.

“ஏங்க, மாத்திரை போட்டீங்களா?” என்று மனைவி கேட்கிறார்.

“சோறே இறங்கலை. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சதுக்குச் சர்க்கரை மாத்திரை எதுக்கு? காய்ச்சல் விட்டதும் போட்டுக்கிறேன்.”

மனைவிக்கும் அது நியாயமாகவே படுகிறது. மூன்று நாள் போகிறது. நடுவில் கடைவீதியில் ஒருவரிடம் ‘காய்ச்சல் ஊசி’ ஒன்று போட்டுக்கொள்கிறார். உடம்பு கொஞ்சம் லேசானது போல் இருக்கிறது. நான்காம் நாள் இரவு படுக்க முடியவில்லை. உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. வாய் வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறார். விடியற்காலையில் 108 வண்டி வருகிறது. மருத்துவமனையில் பார்த்தால் சர்க்கரை 460. விரலில் மாட்டிய கருவியில் பிராணவாயு அளவு 84. பதினோரு நாள் பிராணவாயு வைத்துப் பிழைத்து வீடு வருகிறார். பிழைத்தது நல்ல காலம். இதே வழியில் போய்ப் பிழைக்காதவர்களும் உண்டு.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ‘சாப்பிடாதபோது சர்க்கரை எப்படி ஏறும்?’ என்பது கேட்பதற்கு நியாயமான கணக்குத்தான். ஆனால் காய்ச்சல் காலத்தில் அந்தக் கணக்குத் தப்பு. ஏன் தப்பு என்று பார்ப்போம்.

காய்ச்சல் வந்தால் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும்

நம் இரத்தத்தில் உள்ள சர்க்கரை முழுவதும் தட்டில் இருந்து வருவதல்ல. ஈரலிலும் சர்க்கரை சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. உடம்புக்கு ஓர் ஆபத்து வந்தால், ‘எதிரியோடு போராட எரிபொருள் வேண்டும்’ என்று உடம்பு நினைக்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் என்ற சுரப்பு நீர்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. இவை ஈரலின் கதவைத் திறந்துவிட்டு, சேமித்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகின்றன. புதிதாகவும் சர்க்கரை தயாராகிறது. அதே சமயம் இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமலும் தடுக்கின்றன.

நல்ல உடம்புக்காரருக்குக் கணையம் அதிகமாக இன்சுலின் சுரந்து இதைச் சமாளித்துவிடும். சர்க்கரை உள்ளவருக்கு அந்தச் சக்தி இல்லை. ஆகவே ஒரு பிடி சோறுகூடச் சாப்பிடாமல் இருந்தாலும் 150-ல் இருந்த சர்க்கரை இரண்டு நாளில் 300, 400 என்று போய்விடும். அந்த நேரம் பார்த்து மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தினால், வெள்ளம் வரும்போது மடையை அடைத்த கதைதான்.

நுரையீரலின் வேலை

நம் நெஞ்சுக்கூட்டுக்குள் இரண்டு நுரையீரல்கள். அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றறைகள் சுமார் 30 கோடிக்கு மேல் உள்ளன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஒரு நல்ல வீட்டின் தரை அளவு! ஒவ்வொரு காற்றறையையும் சுற்றி மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோல் பின்னியிருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர் ஒரு தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சுவர் வழியாகத்தான் பிராணவாயு இரத்தத்தில் சேர்கிறது.

சுவர் மெல்லியதாகவும் காய்ந்தும் இருக்கும்வரை மூச்சு சுகமாக இருக்கும். சுவர் வீங்கி, உள்ளே நீர் கசிந்துவிட்டால், காற்று இழுத்தாலும் பிராணவாயு இரத்தத்துக்குப் போய்ச் சேராது. நனைந்த பஞ்சு மூட்டைக்குள் காற்று ஊதுவது போல ஆகிவிடும்.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதற்குத்தான் அழற்சி என்று பெயர். இது கெட்டதல்ல. உள்ளே புகுந்த கிருமியைக் கொல்ல உடம்பு மூட்டும் தீ இது. இரத்தக் குழாய்கள் கொஞ்சம் திறந்துகொடுக்க, வெள்ளணுக்கள் என்ற காவலர்கள் வெளியே வந்து கிருமியை விழுங்கிக் கொல்கின்றன. வேலை முடிந்ததும் தீ தானே அணைகிறது.

அடுப்பில் இருக்கும் நெருப்பு சோறாக்கும். அதே நெருப்பு அடுப்பை விட்டு வெளியே வந்தால் கூரையைப் பிடிக்கும். நுரையீரலில் நடப்பதும் இதுதான். கிருமியோடு சண்டை அளவோடு இருந்தால் நிமோனியா குணமாகும். அளவு மீறினால் வெள்ளணுக்கள் விடும் இரசாயனங்களே காற்றறையின் மெல்லிய சுவரை அரித்துவிடும். இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பிவிடும். இந்த நிலையை 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகர டாக்டர்கள் 12 நோயாளிகளிடம் கவனித்து முதன்முதலில் தனி நோய்நிலையாக எழுதினார்கள். இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மிகவும் பயப்படும் நிலைகளில் இது ஒன்று.

சர்க்கரை கூடினால் என்ன கெடுதல்?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பில் இந்தத் தீ இரண்டு விதத்திலும் கெட்டுப்போகிறது. எரிய வேண்டிய நேரத்தில் எரியாது. அணைய வேண்டிய நேரத்தில் அணையாது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. காவலர்கள் மந்தமாகிறார்கள். இரத்தத்தில் சர்க்கரை அதிகமானால் வெள்ளணுக்கள் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது. போய்ச் சேர்ந்தாலும் விழுங்கிக் கொல்லும் சக்தி குறைகிறது. அதற்குள் கிருமி பெருகிவிடுகிறது.

2. கிருமிக்குத் தீனி கிடைக்கிறது. மூச்சுக் குழாயின் உள்பக்கத்தை நனைத்திருக்கும் ஈரத்தில் சாதாரணமாகச் சர்க்கரை மிகக் குறைவு. இரத்தத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த ஈரத்திலும் ஏறுகிறது. சில கிருமிகள் அதைத் தின்று வளர்கின்றன.

3. சாம்பல் பூத்த நெருப்பு எப்போதும் இருக்கிறது. வெகுநாள் சர்க்கரை உள்ளவர் உடம்பில், அதிலும் தொப்பை உள்ளவர் உடம்பில், கொழுப்புத் திசுவே அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே தெரியாது, வலிக்காது. ஒரு கடுங்காய்ச்சல் வந்ததும் அந்தக் கனலில் காற்று வீசியது போல் ஆகிவிடலாம்.

4. குழாய்கள் பழுதாகின்றன. வருஷக் கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உள்பூச்சு கெடுகிறது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் நடக்கும் அதே பழுதுதான். பூச்சுப் போன சுவர் சீக்கிரம் ஒழுகும். இரத்தம் சின்னச் சின்னக் கட்டிகளாக உறையவும் அது வழி செய்கிறது.

இப்போது முழு வட்டத்தையும் பாருங்கள். காய்ச்சல் சர்க்கரையை ஏற்றுகிறது. ஏறிய சர்க்கரை காவலைத் தளர்த்துகிறது. கிருமி பெருகுகிறது. காய்ச்சல் இன்னும் கடுமையாகிறது. சர்க்கரை இன்னும் ஏறுகிறது. செக்கு மாடு போல இது சுற்றிக்கொண்டே இருக்கும். நாம்தான் குறுக்கே நின்று இந்த வட்டத்தை அறுக்க வேண்டும். கிருமிக்கு மருந்து கொடுப்பது டாக்டர் வேலை. சர்க்கரையை ஏறவிடாமல் பார்ப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது.

அனுபவம் சொல்லும் பாடம்

இன்சுலின் மருந்து 1921-ல் கனடா நாட்டின் டொரண்டோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் முதன்முதலாக அதைப் போட்டுக்கொண்டவன் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையன். எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்தவன் எழுந்து நடமாடினான். அதன்பிறகு 13 வருஷம் இன்சுலினோடு வாழ்ந்தார். 1935-ல் அவர் உயிரைக் கொண்டுபோனது நிமோனியா. அன்றைக்குப் பென்சிலின் புழக்கத்துக்கு வரவில்லை. இன்று நம்மிடம் இன்சுலினும் இருக்கிறது, கிருமிக்கு மருந்தும் இருக்கிறது. இரண்டையும் நேரத்தில் பயன்படுத்த வேண்டியதுதான் பாக்கி.

2020-ல் வந்த கொரோனாவை நாம் மறக்க முடியாது. இங்கிலாந்தில் அந்த வருஷம் மார்ச் முதல் மே வரை மருத்துவமனைகளில் கொரோனாவோடு இறந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். மூன்றில் ஒருவர் சர்க்கரை வியாதி உள்ளவர். நம் நாட்டில் 2021 கோடையில் இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை நோயும் வந்தது. மூக்கு, கண், தாடை என்று பரவிய அந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை கட்டுக்கு மீறி இருந்தது. ஸ்டீராய்டு மருந்தை அளவு தெரியாமல் எடுத்துக்கொண்டதும் பலருக்குச் சேர்ந்துகொண்டது. கிருமி, சர்க்கரை, தப்பான மருந்து மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கோடை காட்டிவிட்டது.

நம் நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே இது எங்கோ யாருக்கோ சொல்லும் சேதி அல்ல. நம் தெருவுக்குச் சொல்லும் சேதி.

காய்ச்சல் வந்த முதல் நாளே செய்ய வேண்டியவை

• சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் சாப்பிடாவிட்டாலும் அதை அடியோடு நிறுத்தவே கூடாது. அளவு மாற வேண்டியிருக்கலாம். அதை டாக்டர் சொல்வார்.

• அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். வீட்டில் கருவி இருந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். இல்லையா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போய்ப் பாருங்கள். பார்த்த எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

• வாந்தி, பேதி இருந்தாலும், ஒன்றுமே உள்ளே இறங்கவில்லை என்றாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மெட்ஃபார்மின், ‘ஃப்ளோசின்’ என்று பெயர் முடியும் மாத்திரைகள் போன்ற சிலவற்றை உடம்பில் நீர் வற்றும்போது டாக்டர் சில நாள் நிறுத்திவைத்து, வேறு மருந்து தருவார். நிறுத்துவதும் மாற்றுவதும் அவர் பொறுப்பு. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள்.

• அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், ரசம் கொடுங்கள். சர்க்கரை அதிகம் இருக்கும்போது குளுக்கோஸ் மாவு, பாட்டில் குளிர்பானம், பழச்சாறு வேண்டாம். இருதயம், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• சர்க்கரை தாழ்ந்துபோனாலும் ஆபத்து. சாப்பிடாமல் மாத்திரை போட்டவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வந்தால் உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

• கடைவீதி ஊசி வேண்டாம். போட்டதும் உடம்பு லேசாகும் பல ஊசிகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். அது சர்க்கரையை மளமளவென்று ஏற்றும். 2020-ல் இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனையில், பிராணவாயு தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு இந்த மருந்து உயிர் காத்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. ஆகவே இது மருத்துவமனையில் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. கேட்டு வாங்கிப் போடும் ஊசி அல்ல.

மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்குப் படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம். கடிகாரம் இருந்தால் போதும். நோயாளி அமைதியாக இருக்கும்போது, அவருக்குச் சொல்லாமல், நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 24 அல்லது அதற்கு மேல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 30-க்கு மேல் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

விரலில் மாட்டும் பிராணவாயுக் கருவி வீட்டில் இருந்தால் அதையும் பாருங்கள். 94-க்குக் கீழே வந்தால் மருத்துவமனை. ‘கொஞ்ச நேரம் பார்க்கலாம்’ என்று உட்காராதீர்கள்.

இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே புறப்படுங்கள்

- மூச்சு வாங்குகிறது, பேச்சு பாதியில் நிற்கிறது, படுக்க முடியவில்லை.
- மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் போகிறது; வாயில் பழவாடை போல ஒரு வாடை; வயிற்று வலி, வாந்தி. இது நெஞ்சு நோயால் மட்டும் வருவதல்ல. இன்சுலின் பற்றாமல் இரத்தத்தில் அமிலம் சேர்ந்தாலும் இப்படி வரும்.
- அடுத்தடுத்து இரண்டு முறை பார்த்தும் சர்க்கரை 300-க்கு மேல்.
- உதடு, நகம் நீலம் பாய்கிறது.
- பேச்சில் குழப்பம், தூங்கிக்கொண்டே இருத்தல்.
- சிறுநீர் மிகவும் குறைந்துபோதல்.
- நெஞ்சு வலி, சளியில் இரத்தம்.

வயதானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவர்களுக்குச் சில சமயம் காய்ச்சல் பெரிதாக அடிக்காது, இருமலும் அதிகம் இராது. ‘தாத்தா ரெண்டு நாளா சரியாப் பேசலை, எழுந்திருக்கலை’ என்பதே நிமோனியாவின் அடையாளமாக இருக்கலாம். சூடு இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

மருத்துவமனையில் பயப்பட வேண்டாம்

“இன்சுலின் போட்டால் ஆயுசு முழுக்கப் போடணுமாமே?” என்று பலர் மறுத்துவிடுகிறார்கள். இது வீண் பயம். மாத்திரையில் இருப்பவர்களுக்கும் கடும் காய்ச்சல் காலத்தில் சில நாள் இன்சுலின் தேவைப்படும். நோய் தணிந்ததும் பெரும்பாலோர் மறுபடி மாத்திரைக்குத் திரும்பலாம்.

“எனக்குச் சர்க்கரையே இல்லையே, இங்கே வந்ததும் சர்க்கரை என்கிறார்களே” என்றும் சிலர் கோபப்படுகிறார்கள். மருத்துவமனை கொடுத்த நோய் அல்ல இது. முன்பே இருந்தும் தெரியாமல் இருந்திருக்கலாம். கடும் நோயின் உலுக்கலால் தற்காலிகமாக ஏறியும் இருக்கலாம். எதுவானாலும் அப்போது அதைக் கட்டுப்படுத்த வேண்டும். வீடு திரும்பிய பிறகு மறுபடி பரிசோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் சிலர், “ஏன் 100-க்குக் கொண்டுவர மாட்டேன் என்கிறார்கள்?” என்று கேட்பார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. தீவிர சிகிச்சையில் இருந்த ஆறாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2009-ல் வெளிவந்தது. சர்க்கரையை மிகக் கறாராக 81 முதல் 108-க்குள் வைத்தவர்களில் 100-க்கு 27 பேருக்கு மேல் இறந்தார்கள். 180-க்குள் வைத்தால் போதும் என்று விட்டவர்களில் 100-க்கு 25 பேர். மிகவும் இறக்கினால் சர்க்கரை தாழ்ந்து ஆபத்து வருகிறது. ஆகவே கடும் நோயில் 140 முதல் 180 வரை வைப்பதே இன்று பெரும்பாலும் கடைப்பிடிக்கும் வழி.

கேள்வியும் பதிலும்

கேள்வி: சர்க்கரை உள்ளவர்களுக்கு நுரையீரல் நீர் கோப்பது குறைவு என்று எங்கோ படித்தேனே, அது நிஜமா?

பதில்: அப்படியும் ஓர் ஆராய்ச்சி உண்டு. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருந்து வெளிவந்தது. கிருமித் தாக்குதலால் இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தில் கிடந்த 113 பேரைப் பார்த்ததில், சர்க்கரை இல்லாதவர்களில் 100-க்கு 47 பேருக்கும், உள்ளவர்களில் 100-க்கு 25 பேருக்கும் நுரையீரலில் அந்த நிலை வந்தது. காவலர்கள் மந்தமாக இருப்பதால் அவர்கள் மூட்டும் தீயும் மந்தமாக இருக்கலாம் என்பது டாக்டர்கள் சொல்லும் ஒரு விளக்கம். ஆனால் இதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். காவலர் தூங்கினால் சத்தம் குறையும், திருடன் போகமாட்டான். கிருமி இரத்தத்தில் பரவினால் சிறுநீரகம், இருதயம் என்று வேறு வழியிலும் உயிருக்கு ஆபத்து வரும். கொரோனாவில் சர்க்கரை உள்ளவர்கள் பட்ட பாடு நாம் கண்ணால் பார்த்தது.

கேள்வி: ரெண்டு வாரமா இருமல். காய்ச்சல் லேசா இருக்கு. இதுவும் அதுதானா?

பதில்: சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லை. நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: தொந்தரவு இல்லாத நாளில் கட்டுப்பாட்டில் வைத்ததுதான் காய்ச்சல் நாளில் கைகொடுக்கும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை பெரும்பாலோருக்கு 7-க்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்வார்.

வருமுன் காப்போம்

1. மாத்திரையை விடாமல் போடுங்கள். தீர்ந்துபோகும் முன்பே வாங்கிவையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

2. வருஷத்துக்கு ஒரு முறை ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியும், நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் சர்க்கரை உள்ளவர்களுக்கு நல்லது. உங்களுக்கு எது, எப்போது, எங்கே கிடைக்கும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

3. பீடி, சிகரெட் விடுங்கள். புகை மூச்சுக் குழாயின் காவலைக் கெடுக்கிறது. விறகு அடுப்பாக இருந்தால் புகை வெளியே போக வழி செய்யுங்கள்.

4. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சல் இருமல் பரவும் காலத்தில் கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள். வீட்டில் ஒருவருக்கு இருமல் என்றால் சர்க்கரை உள்ள பெரியவர் பக்கத்தில் படுக்க வேண்டாம்.

5. தினமும் அரை மணி நடை. தொப்பை குறையக் குறைய, நாம் மேலே சொன்ன அந்தச் சாம்பல் பூத்த நெருப்பும் தணியும்.

கடைசியாக ஒரு சொல்

அந்த மளிகைக் கடைக்காரர் வீட்டுக்குத் திரும்பப் போவோம். முதல் நாள் இரவு அவர் “சாப்பிடலையே, மாத்திரை எதுக்கு?” என்றபோது, மனைவி இப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

“சாப்பிடாட்டியும் காய்ச்சல்ல சர்க்கரை ஏறுமாம்ங்க. நீங்களா நிறுத்த வேணாம். காலையில ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சர்க்கரை பார்த்துட்டு, டாக்டர் சொல்றபடி செய்வோம்.”

இவ்வளவுதான். நாலு வார்த்தை. அடுத்த நாள் காலையிலேயே சர்க்கரை ஏறுவது தெரிந்திருக்கும். நெஞ்சில் சளி இறங்கியதையும் டாக்டர் குழாய் வைத்துக் கேட்டிருப்பார். கிருமிக்கு மருந்து மூன்று நாள் முன்னதாகவே தொடங்கியிருக்கும். பதினோரு நாள் பிராணவாயு வைத்துப் படுத்திருக்க வேண்டிய அவசியமே வராமல் போயிருக்கலாம்.

அந்த நாலு வார்த்தை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். இந்தத் தாளைப் படித்ததும் எறிந்துவிடாமல் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவையுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நினைவில் வையுங்கள்

சாப்பாடு நின்றாலும் சர்க்கரை நிற்காது.
மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
மூச்சை எண்ணுங்கள், 24 ஆனால் புறப்படுங்கள்.
அவசரத்துக்கு 108.